டெல்லிக் குளிரில் முதல் ஸ்டார்ட்: வண்டி உதறினால் குளிர்மேல் பழி போட வேண்டாம்

டிசம்பர் 6, காலை. டெல்லி ரோஹிணிப் பகுதியிலிருந்து ஒரு கேள்வி

"2015 மாடல் பெட்ரோல் கார், 71,000 கி.மீ. ஓடியது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் போல வண்டி முழுக்க உதறுகிறது. ஆக்சிலேட்டர் மிதித்தால் திணறுகிறது. சூடு ஏறியதும் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. நாலு பிளக்கும் மாற்றியாயிற்று, த்ராட்டில் பாடி கழுவியாயிற்று. இரண்டு மெக்கானிக் பார்த்துவிட்டு 'சர்தி மே ஐசா ஹோதா ஹை' (குளிரில் இப்படித்தான் இருக்கும்) என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் குளிர்தான் காரணம் என்று தோன்றுகிறது. ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கிளம்பினால் போதும்தானே?"

டிசம்பர் 6, இரவு

போதாது. ஓடவிட்டால் உதறல் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் குழல்) வைத்த எந்த வண்டியும் 6 டிகிரியில் சாவி திருப்பியதும் சீராக ஓட வேண்டும். லடாக்கில் லே பக்கம் பூஜ்ஜியத்துக்கு எவ்வளவோ கீழே இறங்கும் இடத்தில் இதே வண்டிகள்தான் ஓடுகின்றன. குளிரில் இசியு (இன்ஜினை நடத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், ஐடிலிங்கை (நின்ற இடத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகத்தை) 1,200, 1,300 என்று ஏற்றி வைக்கும், சூடு ஏற ஏற 800 பக்கம் இறக்கும். குளிருக்கு இன்ஜின் செய்யும் ஏற்பாடு அவ்வளவுதான். உதறல் அதில் சேர்த்தி இல்லை.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம், என் வண்டியும் மூன்று வாரமாக இதையே செய்கிறது. 2014 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல், 83,000 கி.மீ. மயூர் விஹாரில் திறந்த வெளியில்தான் நிற்கிறது. இரண்டு வண்டியையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் இரண்டு விஷயம் கவனித்துச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது? உதறல் ஒட்டுமொத்தத் திணறலா, இல்லை ஒரு கால் நொண்டுகிற மாதிரி தாளம் தப்புகிறதா? தாளம் தப்புவதைக் காதால் பிடிக்க முடியாவிட்டால் சைலன்சர் வாயில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். எல்லா சிலிண்டரும் எரிந்தால் காகிதம் ஒரே சீராகப் படபடக்கும். ஒன்று எரியாவிட்டால் நடுநடுவே தொய்ந்து விழும்.

மெக்கானிக்குகள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். கடை பத்தரைக்குத் திறக்கிறது. நீங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தும்போது இன்ஜின் சூடாகிவிட்டது, நோய் போய்விட்டது. இல்லாத நோயை அவர் எப்படிப் பார்ப்பார்? முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கடையில் விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை அவர் முன்னால்தான் போட வேண்டும். நான் இன்னும் அதைச் செய்யவில்லை. செய்யப் போகிறேன்.

டிசம்பர் 8

என் வண்டியில் சந்தேகம் இன்ஜெக்டர்மேல். இரவெல்லாம் ஒரு இன்ஜெக்டர் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் அந்த சிலிண்டரில் காலையில் பெட்ரோல் வெள்ளமாக இருக்கும், பிளக் நனைந்து பொறி வராது. அதோடு லைனில் அழுத்தமும் இறங்கிப் போயிருக்கும்.

இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகி நிற்கும். ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஆன். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் லைனில் அழுத்தம் முழுதாக ஏறியிருக்கும். நேற்றும் இன்றும் அப்படிச் செய்தேன், உதறல் பாதியாகக் குறைந்தது. இன்ஜெக்டர்தான் என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன்.

டிசம்பர் 9

ரோஹிணிக்காரர் பதில் போட்டிருக்கிறார். முள் முதல் ஸ்டார்ட்டிலேயே 800ல்தான் நிற்கிறதாம், மேலே ஏறுவதே இல்லையாம். உதறல் ஒட்டுமொத்தம். என் வண்டியில் முள் ஒழுங்காக 1,300க்கு ஏறுகிறது, ஆனால் தாளம் தப்புகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே நோய் இல்லை.

டிசம்பர் 13

ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் புளூடூத் ஓபிடி ரீடர் ஒன்று வாங்கினேன், இசியுவில் பதிவானதைப் படிக்கும் கருவி. போனில் பார்க்கலாம். கார் வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒன்று இருக்க வேண்டும் என்றே சொல்வேன்.

என் வண்டியில் இன்ஜின் விளக்கு எரியவில்லை. ஆனாலும் உள்ளே நிலுவையில் ஒரு கோடு (code, பழுதுக் குறியீடு) உட்கார்ந்திருந்தது: பி0303. மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது சரியாக எரியவில்லை. பி0300 என்றால் பல சிலிண்டரில் மாறி மாறி. கடைசி எண் 1, 2, 3, 4 என்றால் அந்த எண்ணுள்ள சிலிண்டர். விளக்கு எரியவில்லை என்பதால் உள்ளே கோடு இல்லை என்று நினைக்க வேண்டாம்.

ரோஹிணிக்காரர் செய்ய வேண்டியது வேறு. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், சாவியை ஆன் மட்டும் செய்துவிட்டு, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு இன்று 9, 8.

டிசம்பர் 14

ரோஹிணியிலிருந்து வந்த எண்கள்: காற்று 9 டிகிரி, கூலன்ட் 36 டிகிரி!

கிடைத்துவிட்டது. பனியில் பத்து மணி நேரம் நின்ற இன்ஜின் 36 டிகிரியில் இருக்க வழியே இல்லை. சென்சார் பொய் சொல்கிறது. இசியு அதை நம்பி, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று பெட்ரோலைக் கூட்டாமல் விடுகிறது. முள் 800ல் நின்றதற்கும் அதுவே காரணம். 36 டிகிரி என்பது நடக்கக்கூடிய எண்தானே, அதனால் கோடும் விழவில்லை.

இந்த சென்சாருக்கு இரண்டு கம்பிதான். சூடு ஏறினால் மின்தடை குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம். கழற்றி, ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து மல்ட்டிமீட்டரில் அளந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இன்ஜின் ஆறின பிறகு கழற்றுங்கள், கொஞ்சம் கூலன்ட் கொட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: சமீபத்தில் ரேடியேட்டர் வேலை, தெர்மோஸ்டாட் வேலை ஏதாவது நடந்ததா?

டிசம்பர் 17

டிசம்பர் 8ஆம் தேதி நான் எழுதியது தப்பு. அழிக்கவில்லை, இருக்கட்டும். அந்த வழியில் போகிறவர் இதையும் படிக்கட்டும்.

காயிலை (பிளக்குக்குப் பொறி மின்சாரம் கொடுக்கும் பாகம்) மூன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிப் போட்டேன். மிஸ்ஸிங் மூன்றிலேயே நின்றது. பிளக்கையும் இடம் மாற்றினேன், அப்போதும் மூன்றுதான். பொருளை வாங்கிப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இப்படி இடம் மாற்றிப் பார்ப்பதுதான் சரியான முறை. நோய் பொருளோடு போனால் பொருள் கெட்டது. இடத்திலேயே நின்றால் நோய் சிலிண்டரில் இருக்கிறது.

மிச்சம் இன்ஜெக்டர். காஷ்மீரி கேட்டில் இன்ஜெக்டர் கழுவும் கடைக்குக் கொண்டுபோனேன். பெஞ்சில் மாட்டி மூன்று பார் அழுத்தம் கொடுத்து, கண்ணாடிக் குழாயில் பத்து நிமிடம் பார்த்தோம். நாலில் ஒன்றுகூட ஒரு சொட்டு விடவில்லை. தெளிப்பும் நன்றாக இருந்தது. கழற்றி மாட்டிய கூலியோடு 1,600 ரூபாய்.

அப்படியானால் சாவியை மூன்று தடவை திருப்பியபோது உதறல் ஏன் குறைந்தது? ரெண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். அந்த இரண்டு நாளும் வண்டி வெளியே போனது பால் வாங்க, பள்ளிக்கூடம், அவ்வளவுதான். இரண்டு கி.மீ. கூட இருக்காது. குருகிராம் போய்விட்டு வந்த நாட்களின் மறுநாள் காலையில்தான் உதறல் மோசமாக இருந்திருக்கிறது. இதுவரை நான் காலையை மட்டும் பார்த்தேன், முந்தின நாள் வண்டி என்ன செய்தது என்று பார்க்கவே இல்லை. நீண்ட தூரம் ஓடி நன்றாகச் சூடாகி நின்றால் ஏன் மறுநாள் மோசமாக வேண்டும்?

டிசம்பர் 19

கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்த்தாயிற்று. ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது சிலிண்டர்கள் 175 பிஎஸ்ஐ பக்கம், மூன்றாவது 162. பத்து சதவீதத்துக்குள் இருப்பதால் பரவாயில்லை என்று என் மெக்கானிக் உஸ்தாத் சொன்னார். சூடான இன்ஜினில் பார்த்தது. ஆறின இன்ஜினிலும் பார்த்திருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

டிசம்பர் 22

ரோஹிணி கதை முடிந்தது. போன ஜூனில் தெர்மோஸ்டாட் மாற்றியபோது சென்சாரையும் மாற்றியிருக்கிறார்கள். போட்டது வேறு மாடலுடையது. மரை ஒன்று, சாக்கெட் ஒன்று, உள்ளே மின்தடை மட்டும் வேறு. சூட்டில் ஏறக்குறைய சரியான எண் காட்டும், அதனால் கோடை முழுக்க யாருக்கும் தெரியவில்லை. சரியான பார்ட் நம்பர் பார்த்து வாங்கிப் போட்டதும் முள் 1,250க்கு ஏறி, முதல் ஸ்டார்ட் சீராகிவிட்டது என்கிறார். சென்சார் விலை ஐந்நூறு ரூபாய்க்குள். இத்தனை நாளும் அந்த மனிதர் குளிரையும் பெட்ரோலையும் சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

டிசம்பர் 23

வேறு சிலர் கேட்டதற்கு.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாதி உண்மை. எத்தனால் ஆவியாக, அதே எடை பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதனால் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) குளிரில் பற்றிக்கொள்வது கொஞ்சம் கடினம்தான். ஆனால் நல்ல பிளக், நல்ல பேட்டரி, சரியான சென்சார் உள்ள வண்டிக்கு 6 டிகிரியில் அது ஒரு தடையே இல்லை. ஏற்கெனவே நலிந்த ஒரு பாகத்தை எத்தனால் கொஞ்சம் முன்னாலேயே காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். ஒரே பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் போகும்போது மூன்றாவது மட்டும் எரியவில்லை என்றால் அதற்குப் பெட்ரோல் என்ன செய்யும்?

சிஎன்ஜி வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், டெல்லியில் நிறைய வண்டி அதுதானே. பல வண்டிகள் காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் கொஞ்சம் சூடானதும் தானாக சிஎன்ஜிக்கு மாறும். ஆக, பெட்ரோல் இன்ஜெக்டர் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் வேலை செய்கிறது. டேங்கில் இருக்கும் பெட்ரோலோ மாதக்கணக்கில் பழையது. இன்ஜெக்டர் நுனியில் பிசின் படிந்துவிடும். காலையில் உதறி, சிஎன்ஜிக்கு மாறியதும் சீராகிவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் பத்துப் பதினைந்து கி.மீ. பெட்ரோலிலேயே ஓட்டுங்கள், டேங்கில் புதுப் பெட்ரோல் வையுங்கள்.

பெட்ரோல், சிஎன்ஜி இரண்டிலுமே ஐடிலிங்கில் உதறினால் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து) பார்க்கச் சொல்லுங்கள். சிஎன்ஜியில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். வால்வு மேலே ஏறும், இடைவெளி சுருங்கும், கடைசியில் வால்வு முழுதாக மூடாது. அந்த நிலைக்கு விட்டுவிட்டால் ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேல் இருக்கும் மூடி) இறக்க வேண்டிவரும்.

டிசம்பர் 26

கீழ்த்தளத்து மாமாவின் டீசல் வண்டி. பிஎஸ் 4. கிராப் (டெல்லியில் காற்று மாசு கூடும்போது போடும் கட்டுப்பாடு) மூன்றாம் கட்டம் போட்டால் சாலையில் எடுக்க முடியாது என்பதால் நாலைந்து நாள் அப்படியே நிற்கும். இன்று காலை ஸ்டார்ட் செய்தபோது கட்டிடமே நடுங்கியது. ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, எரியாத டீசல் வாடை.

"பம்ப் போச்சுன்னு மெக்கானிக் சொல்றானே, முப்பதாயிரமாம்" என்றார்.

"மாமா, பத்து நிமிஷம் குடுங்கோ, மீட்டர் எடுத்துண்டு வரேன்."

க்ளோ பிளக் (டீசல் இன்ஜினில் ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது) நாலையும் அளந்தேன். நல்ல க்ளோ பிளக் ஒரு ஓம் பக்கம், அல்லது அதற்கும் கீழே காட்டும். இரண்டு அப்படிக் காட்டின. இரண்டில் ஒன்றுமே இல்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பேட்டரியும் நலிந்திருந்தது: நிற்கும்போது 12.0 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 8.7. முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே போகக்கூடாது. பம்ப்பைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். க்ளோ பிளக் நாலும் பேட்டரியும் மாற்றப் போகிறார்.

டிசம்பர் 29

என் வண்டிக்கு வருகிறேன். இதை எழுதவே மனசு பதறுகிறது.

நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் ஏன் மோசம் என்று கேட்டிருந்தேன் அல்லவா? சூடாகி நின்ற இன்ஜினில் மணிக்கணக்காக மிஞ்சி இருப்பது ஒன்றே ஒன்று: கூலன்ட்டின் அழுத்தம். ரேடியேட்டர் மூடி சுமார் ஒரு பார் வரை பிடித்து வைக்கும். பால் வாங்கப் போனால் அந்த அழுத்தம் ஏறவே ஏறாது.

கூலன்ட் பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். அக்டோபர் நடுவில் மேல் கோடு வரை நிரப்பியது, இப்போது கீழ்க் கோட்டுக்கு வந்திருக்கிறது. சுமார் 400 மில்லி. தரையில் ஒரு துளி ஈரம்கூட இல்லை. எழுபத்தைந்து நாளில் 400 மில்லி என்றால் நாளுக்கு ஐந்து மில்லிக்குச் சற்று மேலே, ஒரு டீஸ்பூன் அளவு. ஒரு பிளக்கை நனைக்க அது தாராளம்.

இன்று காலை ஸ்டார்ட் செய்யாமல் நாலு பிளக்கையும் கழற்றினேன். ஒன்று, இரண்டு, நாலு: நுனி பிஸ்கட் நிறம், காய்ந்திருந்தது. மூன்றாவது: வெள்ளையாக, கழுவி வைத்த மாதிரி சுத்தம், ஈரம். முகர்ந்தால் பெட்ரோல் வாடை இல்லை. லேசான தித்திப்பு வாடை. கூலன்ட்டில் இருக்கும் கிளைக்காலின் வாடை அது.

இன்னொன்று. ராத்திரி முழுக்க ஆறின வண்டியில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். என்னுடையது கல் மாதிரி இருந்தது. சிலிண்டரில் எரிகிற வாயு கூலன்ட் பாதைக்குள் போய் அடைந்துகொண்டால்தான் அப்படி இருக்கும். ஓடும்போது வாயு அந்தப் பக்கம் போகிறது. நின்ற பிறகு தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது.

ஹெட் கேஸ்கெட். ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு.

டிசம்பர் 30

பயந்துபோய் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஆயில் மூடிக்கு அடியில் பாலாடை மாதிரி படிந்திருக்கிறதாம், தனக்கும் கேஸ்கெட் போய்விட்டதா என்று. அவசரப்பட வேண்டாம். குளிர்காலத்தில் தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் இன்ஜினுக்குள் சேரும் ஈரம் மூடிக்கு அடியில் படிந்து அப்படி ஆகும். அரை மணி நேரம் நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஆயில் குச்சியிலும் பால் நிறம் தெரிந்தால், கூலன்ட்டும் குறைந்தால், அப்போது கவலைப்படலாம். என் வண்டியில் ஆயில் சுத்தமாகவே இருந்தது; கசிவு சிலிண்டருக்குள் மட்டும்தான்.

வெள்ளைப் புகையும் அப்படித்தான். டெல்லி டிசம்பரில் எல்லா வண்டியும் ஆவி விடும். ஆவி உடனே கரையும். கூலன்ட் எரிந்த புகை கொஞ்ச நேரம் தொங்கி நிற்கும். இந்தப் பனிமூட்டத்தில் அதைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம், அதனால்தான் எனக்கும் ஒரு மாதம் பிடித்தது.

ஜனவரி 3

உறுதி செய்ய நாலு ராத்திரி ஒரு சோதனை. நாலு நாளும் சாயங்காலம் நொய்டா வரை போய் ஒரே தூரம் ஓட்டினேன். இரண்டு ராத்திரி மூடியைத் தொடவில்லை. மற்ற இரண்டு ராத்திரி, வண்டியை நிறுத்தி ஒன்றரை மணி நேரம் கழித்து, கையால் தொட முடிகிற சூட்டில், கனமான துணி போட்டு மூடியை மெல்லத் திருப்பினேன். புஸ்ஸென்று அழுத்தம் வெளியேறியதும் மறுபடி மூடிவிட்டேன்.

தொடாத இரண்டு காலையும் உதறல். அழுத்தம் இறக்கிய இரண்டு காலையும் வெண்ணெய் மாதிரி ஸ்டார்ட்.

சூடான இன்ஜினில் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். பொறுமை இல்லாத நாளில் இந்தச் சோதனையே வேண்டாம்.

ஜனவரி 6

நேற்று சாயங்காலம் வண்டியை த்ரிலோக்புரி பக்கம் உஸ்தாத் கடையில் விட்டேன். இன்று காலை அவர் எனக்காக எட்டு மணிக்கே வந்தார். முதல் ஸ்டார்ட்டை அவரே போட்டார், உதறலை அவரே பார்த்தார். ஒரு மாதமாக நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தது அரை நிமிடத்தில் அவருக்குப் புரிந்தது. பிளக் ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தோம். மூன்று பிஸ்டனின் தலை கரி படிந்து கறுப்பு. மூன்றாவது மட்டும் அலுமினியம் பளபளக்கிறது. தினமும் நீராவியில் கழுவப்பட்ட பிஸ்டன்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா" என்று கேட்டேன். கூடாது என்றார், அவர் சொன்னது சரி. கசிவு பெருகினால் ஒருநாள் காலையில் சிலிண்டர் முழுக்கத் தண்ணீர் நிற்கும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செல்ஃப் அடித்ததும் 'டக்' என்று முட்டி நின்றால் மறுபடி அடிக்கவே கூடாது, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எரிந்த கூலன்ட் ஆக்சிஜன் சென்சாரையும் சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

ஜனவரி 16

ஹெட் இறக்கியாயிற்று. மூன்றாவது சிலிண்டருக்கும் பக்கத்துத் தண்ணீர் பாதைக்கும் நடுவில் கேஸ்கெட் துருப்பிடித்து அரித்திருந்தது. ஹெட்டின்மேல் நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்ததில் வளைவு 0.12 மி.மீ. இந்த மாதிரி ஹெட்டுக்குப் பொதுவாக 0.05தான் எல்லை. வளைவைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங் கடைக்குப் போயிருக்கிறது. விரிசல் இருக்கிறதா என்று தண்ணீரில் அமுக்கிக் காற்று விட்டும் பார்க்கச் சொன்னேன். விரிசல் இல்லை.

பொங்கலுக்கு ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு மெட்ரோவில் போனோம். வழியெல்லாம் ஒரே யோசனை, இது எப்போது தொடங்கியது என்று.

எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முந்தைய ஜூன். நிஜாமுதீன் பாலத்தில் நெரிசல், வெளியே 44 டிகிரி. ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. வீடு நாலு கி.மீ.தான், குழந்தைகள் வண்டியில் இருக்கிறார்கள், போய்விடலாம் என்று ஓட்டினேன். ஃபேன் மோட்டார் மாற்றினோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அதே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டால் இறுக்கிப் பிடித்த ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிட்டது. அந்த நாலு கி.மீ.க்குத்தான் இப்போது விலை கொடுக்கிறேன். முள் சிவப்பைத் தொட்டால் எந்த இடமானாலும் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள், குழந்தைகளை ஆட்டோவில் அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு குறைந்த கூலன்ட்டுக்குப் பல தடவை குழாய்த் தண்ணீர் ஊற்றினேன், அதுவும் தப்பு. கூலன்ட் உறைவதைத் தடுக்க மட்டும் இல்லை, துருவைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. டெல்லியில் எங்கே தண்ணீர் உறையப் போகிறது என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஜனவரி 24

வண்டி வந்துவிட்டது. கேஸ்கெட் செட், ஃபேசிங், வால்வு கிரைண்டிங், புது ஹெட் போல்ட், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 15,800 ரூபாய்.

போல்ட் பற்றிக் கேட்டவருக்கு: கோண அளவில் முறுக்கும் வகை போல்ட் ஒரு தடவை இழுபட்டுவிட்டால் மறுபடி அதே பிடி தராது, புதிதுதான் போட வேண்டும். நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்க வேண்டும். உஸ்தாத் பக்கத்துக் கடையிலிருந்து டார்க் ரெஞ்ச் வாங்கிவந்து, என் போனில் இருந்த மேனுவலைப் பார்த்துப் பார்த்து முறுக்கினார். பழைய கேஸ்கெட் ஒட்டலைச் சுரண்டவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்த வேலைக்குக் கொடுத்த கூலி எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

ஜனவரி 27

முதல் கேள்வியில் இருந்த 'ஐந்து நிமிடம் ஓடவிடுவது' பற்றி அன்றைக்கு விட்டுவிட்டேன். நல்ல வண்டிக்கு அரை நிமிடம் போதும். பிறகு முதல் இரண்டு கி.மீ. மெதுவாக ஓட்டினால் நின்ற இடத்தில் ஓடுவதைவிடச் சீக்கிரம் சூடாகும். மூடிய கராஜிலும் பேஸ்மென்ட்டிலும் ஓடவிட்டு நிற்கவே நிற்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

பிப்ரவரி 18

ஹெட்டை இறக்காமல், ரேடியேட்டரில் ஊற்றும் லீக் அடைப்பு மருந்து போட்டிருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். வளைந்த ஹெட்டை அது நிமிர்த்தாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் போய் அடைத்துக்கொள்ளும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கூலன்ட் பாட்டிலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். 1,140 கி.மீ. ஓடியாயிற்று, நேற்று ஜெய்ப்பூர் போய் வந்ததையும் சேர்த்து. மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. இன்று காலை 10 டிகிரி. மேல் ஹோஸ் மெத்தென்று இருந்தது. சாவி திருப்பினேன், முள் 1,300க்கு ஏறியது, காகிதம் ஒரே சீராகப் படபடத்தது.